கர்ணன் மனமும் குழந்தைப் பருவமும்

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது தமிழர் வழக்கு. குழந்தைப் பருவத்தில் உள்ளத்திற் பதிந்தவை மனிதன் வளர்ந்து மூத்த பின்னரும் அவனை விட்டு நீங்குவதில்லை என்னும் அநுபவ உண்மையை இப்பழமொழி சுருங்கக் கூறும். இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த உளநூல், அவ்வுண்மையை அவதானத்தாலும் பரிசோதனையாலும் ஆராய்ந்து, பிள்ளைக்கும் பேணுவோர்க்கும் இடையிலான பற்றே மனிதனது அகவாழ்க்கைக்கு அடிப்படை என நிறுவ முயன்றது. இவ்வாராய்ச்சியின் ஒளியில் நோக்குதற்கு மகாபாரதக் கர்ணனிலும் சிறந்த பாத்திரம் பாரத நாட்டு இலக்கியத்தில் அரிது. பிறந்த அன்றே ஆற்றில் விடப்பட்ட குழந்தை அவன். தன் பிறப்பை அறியாது வாழ்ந்து, அறிந்த பின்னர் அதனை ஏற்க மறுத்து, போர்க்களத்தில் மாண்டவனும் அவனே.

கர்ணனைத் தமிழ் மக்கள் பெரிதும் நேசித்து வந்திருக்கின்றனர். ஈழத்துக் கூத்து மரபில் அவனுக்குத் தனியிடம் உண்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நாட்டுக்கூத்தைப் புத்துயிர்ப்பித்தபோது 1962 இல் மேடையேற்றியது 'கர்ணன் போர்'. 1964 இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் கண்டு கண்ணீர் சிந்தாதார் சிலரே. இவ்வரங்குகளிலெல்லாம் பொதுமக்கள் கொண்ட கருத்து ஒன்றே: தாயன்பு கிடையாமையாற் கெட்டவன் கர்ணன் என்பது அது. கேட்போர் நெஞ்சை உருக்கும் இக்கருத்து நூலோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது. வியாசர் பாரதத்தையும், 15 ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் வில்லிபுத்தூரார் பாரதத்தையும் ஒப்புநோக்கின், அவ்விரு புலவரும் கர்ணனது புண்ணை இருவேறு இடங்களிற் கண்டனர் என்பது புலனாகும்.

முதற்கண், உளநூலார் கூறுவதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். இங்கிலாந்து தேசத்து உளமருத்துவர் யோன் போல்பி, இரண்டாம் உலகப் போரின் பின் வீடிழந்த பிள்ளைகளின் மனநலம் குறித்து உலகச் சுகாதாரத் தாபனத்துக்காக எழுதிய அறிக்கை 1951 இல் வெளியாயிற்று. தாயோடு, அன்றேல் தாயின் இடத்தில் நிலையாக நின்று பேணும் ஒருவரோடு, நெருங்கிய இடையறாத உறவு குழந்தைக்கு வேண்டும் என்பது அதன் சாரம். 1958 இல் அமெரிக்க அறிஞர் ஆரி ஆர்லோ குரங்குக் குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டார். பாற்புட்டி பொருத்திய கம்பிப் பாவையையும் மெல்லிய துணி போர்த்த பாவையையும் அருகருகே வைத்தபோது, குட்டிகள் பசிக்குக் கம்பிப் பாவையை நாடினும், பொழுதின் பெரும்பகுதியைத் துணிப் பாவையைத் தழுவியே கழித்தன. பற்றுக்கு உணவு மாத்திரம் காரணமன்று என்பது இதனாற் பெறப்பட்டது. மேரி எயின்சுவேத்து என்னும் அம்மையார், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகள் தாய் பிரியும்போதும் மீளும்போதும் ஒழுகுமாற்றை அவதானித்து, உறுதியான பற்று உடையோர், விலகி நிற்போர், ஆறுதல் பெறாது ஊசலாடுவோர் என அவர்களை வகுத்தார். அவ்வாய்வு 1978 இல் நூலாயிற்று.

போல்பியின் கோட்பாட்டிற் பெரிதும் பயன்படுவது ஒன்றுண்டு. குழந்தை தான் பெற்ற அன்பிலிருந்தும் பெறாத அன்பிலிருந்தும் உலகைப் பற்றிய ஒரு மாதிரியுருவைத் தன்னுள் அமைத்துக்கொள்கின்றது. 'யான் அன்புக்கு உரியவனா? துன்பம் வந்துழி ஒருவர் துணை வருவரா?' என்னும் இரு வினாக்களுக்கு அது கண்ட விடையே அம்மாதிரியுரு. வளர்ந்தவன் அதனை நினைந்து பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு சொல்லைக் கேட்கும்போதும், நண்பன் வரத் தாமதிக்கும்போதும், பலர் நடுவே எழுந்து நிற்கும்போதும் அது அவனுக்கு முன்னே சென்று பொருள் கூறிவிடுகின்றது. குழந்தைப் பருவத்து வடு பெரும்பாலும் பித்தாகவோ பிணியாகவோ வெளிப்படாமல், அன்றாட வாழ்வின் சிறு அசைவுகளில் வெளிப்படுவதன் காரணம் இதுவே.

இனிக் கர்ணனை நோக்குக. துருவாச முனிவர் அருளிய மந்திரத்தைக் கன்னிப் பருவத்திற் சோதித்த குந்தி, கதிரவன் அருளாற் பெற்ற குழந்தையைப் பழியஞ்சிப் பெட்டியில் இட்டு ஆற்றில் விடுத்தாள். கங்கை கொணர்ந்த அப்பெட்டியைத் தேர்ப்பாகனாகிய அதிரதன் எடுத்துத் தன் மனைவி இராதையிடம் கொடுத்தான். அதன் பின் நிகழ்ந்ததைக் கர்ணன் வாயாலேயே வியாசர் கூறுவிக்கின்றார். உத்தியோக பருவத்திற் கண்ணன் அவனது பிறப்பை வெளிப்படுத்திப் பாண்டவர் பக்கம் அழைக்கின்றான். அதற்கு விடை கூறுங் கர்ணன், தன்னைக் கண்ட அக்கணமே அன்பினால் இராதைக்குப் பால் சுரந்ததையும், அவள் தன் மலசலங்களைத் தாங்கியதையும், அதிரதன் தனக்குச் சாதகன்மம் செய்வித்துப் பெயரிட்டு மணமும் முடித்துவைத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றான். மண்முழுதும் பொற்குவையும் பெறினும், மகிழ்ச்சியாலோ அச்சத்தாலோ அவ்வுறவைப் பொய்யாக்க ஒருப்படேன் என்பது அவன் துணிபு.

தாயன்பு அறியாதவன் கூறும் மொழியா இது? மலசலம் தாங்கினாள் என்னும் சிறு செய்தி, அரசுரிமை பேசப்படும் வேளையில் ஒரு வீரன் எடுத்தோதத்தக்கதன்று; ஆயினும் அதனையே கர்ணன் சான்றாக வைக்கின்றான். பெற்றவளே பேணவேண்டும் என்பதின்று, நிலையாகப் பேணுபவரே தாய் என்று போல்பி கூறியதை இராதை மெய்ப்பித்து நிற்கின்றாள். எனவே வியாசர் படைத்த கர்ணன் மடியற்ற குழந்தையல்லன். அவனுக்கு மடி இருந்தது. அம்மடியின் பெயரை உலகம் இழிவென்றது. அவன் புண் அங்கேதான் தொடங்கிற்று.

அப்புண்ணின் வாய் திறந்த இடம் ஆதி பருவத்துப் போட்டியரங்கு. அருச்சுனனுக்கு நிகராக வில்வித்தை காட்டி நின்ற இளைஞனைக் கிருபாசாரியார் விளித்து, குலமும் தாய் தந்தையர் பெயரும் கூறுமாறு வினவினார். கர்ணன் முகம் மழையில் நனைந்து சாய்ந்த தாமரைபோற் கவிழ்ந்தது. துரியோதனன் அவனை அங்கநாட்டுக்கு அரசனாக்கினான். அப்பொழுது, மேலாடை நழுவ, வியர்வை வழிய, கோலூன்றி அதிரதன் அரங்கினுட் புகுந்தான். புதிதாக நீராட்டப்பெற்ற முடியோடு கர்ணன் அவன் காலில் வணங்க, முதியவன் மகனைத் தழுவிக் கண்ணீரால் மீண்டும் அத்தலையை நனைத்தான். கண்ட வீமன் எள்ளி நகைத்தான். கர்ணன் ஒன்றும் உரையாது, உதடு துடிக்க, பெருமூச்செறிந்து வானத்துக் கதிரவனை நோக்கினான். தந்தையை வணங்கத் தயங்காமையும், வணங்கியதற்காக எள்ளப்பட்டமையும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. பற்று உறுதியாய் நிற்க, அப்பற்றே வெட்கத்துக்குக் காரணமாக்கப்படும் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டுதல் இயலாது.

இதன்பின் கர்ணன் வாழ்வில் நிகழ்வன பல, இந்த ஒரு கணத்தின் மீட்சியாகவே தோன்றுகின்றன. பரசுராமரிடம் குலத்தை மறைத்துக் கல்வி கற்றான். அவர் தன் மடியில் தலைவைத்துத் துயின்றபோது புழுவொன்று தொடையைத் துளைக்கவும் அசையாதிருந்தான். மெய்யை உரைப்பின் புகலிடம் போய்விடும் என்று அஞ்சுபவன் எவ்வளவு வலியையும் வாய்திறவாது பொறுப்பான். ஆயின் அப்பொறுமையே அவன் அந்தணனல்லன் என்பதைக் காட்டிக்கொடுத்துச் சாபத்தை வருவித்தது. வீடுமர் வீரரை எண்ணும்போது அவனை அரைத்தேர் வீரன் என இழித்துரைத்தார். அவர் உயிரோடிருக்கும்வரை படைக்கலம் எடேன் என அவன் சூளுரைத்து, போரின் முதற் பத்து நாளும் விலகி நின்றான். தன் தேரைச் செலுத்திய சல்லியன் குத்திப் பேசியபோது, போர் நடுவே பகைவனை மறந்து அவனோடு சொற்போர் தொடுத்தான். நிகழ்காலத்துச் சிறு சொல் பழைய அரங்கின் பெருஞ்சிரிப்பாக அவன் செவியில் ஒலித்தது. அவமதிப்புக்குப் பழகிய உள்ளம், அவமதிப்பு வருமுன்னரே அதனை எதிர்பார்த்து நிற்கும். வந்தபின் அதன் அளவை அறியாது.

இதற்கு மாறான சான்றும் நூலில் உண்டு. அம்பணையிற் கிடந்த வீடுமரிடம் தனியே சென்ற கர்ணன், என்றும் உம்மால் வெறுக்கப்பட்ட இராதை மகன் யான் எனத் தன்னை அறிவித்தான். முதியவர் காவலரை அகற்றி, தந்தை மகனைத் தழுவுவதுபோல் ஒரு கையால் அவனைத் தழுவினார். வெறுப்பென்று அவன் எண்ணியிருந்த இடத்தில் அறிந்துணர்ந்த பரிவு இருந்தது. அது முன்னரே வெளிப்பட்டிருப்பின் போர் வேறு வழியிற் சென்றிருக்கலாம். காலந்தாழ்த்திக் கிடைத்த அங்கீகாரம் புண்ணை ஆற்றியதாயினும், விதியை மாற்றவில்லை.

துரியோதனன் நட்பையும் இவ்வாறே நோக்குதல் தகும். முடியளித்தவன் கைம்மாறாக நட்பொன்றையே கேட்டான். அந்நட்பில் அன்பும் சூழ்ச்சியும் விரவியிருந்தன. அவையில் எள்ளப்பட்டவனுக்கோ, கைகொடுத்தவன் யார் என்பதன்றி எதற்காகக் கொடுத்தான் என்னும் ஆராய்ச்சி எழாது. தன்னை ஏற்றவன் விரும்பியதெல்லாம் தனக்குக் கடமையாயிற்று. சூதாட்ட அவையில் பாஞ்சாலியை நோக்கிக் கர்ணன் கூறிய கொடுஞ்சொற்கள் இக்கடமையின் இழிந்த எல்லை. பலர் நடுவே பிறப்பைக் கூறி நாணுறுத்தப்பட்டவன், பலர் நடுவே ஒரு பெண்ணை நாணுறுத்தினான். தான் பெற்ற நாணயத்திலேயே பிறர்க்குச் செலுத்தினான் எனலாம்.

உளநூற் காரணங் கூறுவதனால் அவன் குற்றம் நீங்கிவிடுமோ என வினவுவார் உளர். நீங்காது என்பதற்குக் கர்ணனே சான்று. துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவரை நோக்கித் தான் கூறிய கடுமொழிகளுக்காக வருந்துவதாகக் கண்ணனிடம் அவன் வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றான். பிறப்பையோ, அரங்கில் நிகழ்ந்ததையோ அவன் அப்போது காட்டித் தப்பவில்லை. காரணம் அறிதல் வேறு, பொறுப்பு நீக்குதல் வேறு. வடுப்பட்டவன் தான் செய்ததைத் தன் செயலாக ஏற்கும்போதே அவ்வடுவின் ஆட்சி சிறிது குறைகின்றது.

அவனது கொடையை விளக்குவதிலும் விழிப்பு வேண்டும். கதிரவன் எச்சரித்த பின்னரும், அந்தணனாய் வந்த இந்திரனுக்கு உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலத்தையும் அரிந்து கொடுத்தான். பெற்றோர் அவனுக்கு வைத்துப்போன உடைமை அவை மட்டுமே. கைவிடப்பட்டவன் எவரையும் வெறுங்கையோடு கைவிட ஒருப்படவில்லை என்று அதனை விளக்கின் ஓரளவு பொருந்தும். எனினும் வண்மையை நோயாக்குதல் திறனாய்வாகாது. வடுவிலிருந்து வன்சொல்லும் பிறக்கும், வண்மையும் பிறக்கும். எது பிறக்கும் என்பதை வடு தனியே தீர்மானிப்பதில்லை.

கர்ணன் குழந்தைப் பருவத்தை ஆராய்வோர் பெரும்பாலும் மறந்துவிடுவது குந்தியின் குழந்தைப் பருவத்தை. சூரசேனன் மகளாய்ப் பிருதை எனப் பெயர்பெற்ற அவள், மகப்பேறற்ற குந்திபோசனுக்கு இளமையிலேயே கொடுக்கப்பட்டவள். உத்தியோக பருவத்தில், தூதுவந்த கண்ணனிடம் தன் துயர்களை அவள் அடுக்கிக் கூறும்போது, பந்தைக் கையிற் பிடித்து விளையாடிய சிறுமியாகிய தன்னைத் தந்தை பிறர்க்கு அளித்துவிட்டதையும் சேர்த்துக் கூறுகின்றாள். பேரன்மாரைக் கண்ட முதுமையிலும், நாடிழந்த துயருக்கு நடுவிலும், கையிலிருந்த பந்து அவளுக்கு மறக்கவில்லை. கொடுக்கப்பட்ட சிறுமியே பின்னர்த் தன் குழந்தையை ஆற்றுக்குக் கொடுத்தாள். செல்மா பிறைபேர்க்கு என்னும் அம்மையாரும் உடனாய்வாளரும் 1975 இல் எழுதிய கட்டுரையொன்று, பெற்றோரின் ஆறாத இளமைத் துயர் ஆவிபோல வந்து குழந்தையின் தொட்டிலருகே நிற்கும் என்னுங் கருத்தை விளக்கிற்று. அக்கருத்துக்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதில்லை. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி மகனுக்குக் கண்ணீர் வடிக்கும் அரங்கவழக்கு, இப்பந்தைக் காணத் தவறுகின்றது.

தாயும் மகனும் கங்கைக் கரையிற் சந்திக்கும் இடத்தில் வியாசரின் நுண்மை உச்சம் பெறுகின்றது. கர்ணன் கிழக்கு நோக்கிக் கையுயர்த்திக் கதிரவனை வழிபட்டு நிற்கின்றான். வெயில் தாங்காத குந்தி, வாடிய தாமரை மாலைபோல் அவன் மேலாடையின் நிழலில் நின்று காத்திருக்கின்றாள். நிழல் தரவேண்டியவள் நிழல் தேடி நிற்கும் இக்காட்சிக்கு உரை வேண்டுவதில்லை. திரும்பிய கர்ணன், இராதைக்கும் அதிரதனுக்கும் மகனாகிய யான் வணங்குகின்றேன் என்றே முதலிற் கூறுகின்றான். அவள் உண்மை உரைத்தபோது, தாய்க்குரியதை என்றும் செய்யாது இன்று உன் நலங்கருதி வந்தாய் எனக் கூசாது கடிந்துகொள்கின்றான். கடிந்த அவனே, அருச்சுனன் ஒழிந்த நால்வரையும் கொல்லேன், உனக்கு என்றும் மக்கள் ஐவர் இருப்பர் என வாக்களிக்கின்றான். தன் சினத்தையும் மறையாமல், தாயையும் வெறுங்கையோடு போக்காமல் நிற்கும் இந்நிலை, இராதை மடியில் உறுதிபெற்ற உள்ளத்துக்கே இயலும்.

வில்லிபுத்தூரார் இவ்விடத்தை வேறு வகையாய் அமைத்தார். அவரது பாரதத்தில், மகனென்று உரிமை கூறிப் பொய்யாய் வந்த பெண்டிரைச் சுட்டெரிக்கும் தெய்வத் துகிலைக் கர்ணன் வைத்திருக்கின்றான். குந்தி அதனை உடுத்துத் தாய்மையை நிறுவுகின்றாள். துரியோதனன் தன்மீது வைத்த ஐயமற்ற நம்பிக்கையை, அவன் மனைவியோடு சூதாடியபோது மேகலை மணிகள் சிதறிய நிகழ்ச்சியால் விளக்கி, அவனைப் பிரியேன் என்கின்றான் கர்ணன். நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் விடாதிருக்கவும், அருச்சுனனையன்றி ஏனையோரைக் கொல்லாதிருக்கவும் குந்தி வரம் பெறுகின்றாள். கர்ணன் தனக்கென வேண்டுவது, களத்தில் வீழும்போது தன்னை மடியிற் கிடத்திப் பாலூட்டி, மகனென உலகறியச் செய்யவேண்டும் என்பதே. அவ்வாறே அவள் களத்துக்கு ஓடிவந்து மடியிற் கிடத்துகின்றாள். வியாசரிலோ போர் முடிந்து நீர்க்கடன் ஆற்றும் வேளையிலேயே குந்தி உண்மையை வெளியிடுகின்றாள். கேட்பதற்குக் கர்ணன் இல்லை.

பாலுக்கு ஏங்கும் கர்ணன் வில்லியின் படைப்பு. பால் பெற்றுப் பெயருக்கு ஏங்கியவன் வியாசரின் கர்ணன். முன்னது அவலத்தை ஆற்றி அருளில் முடிக்கின்றது. பக்திநெறியில் ஊறிய தமிழ்ப் புலவர்க்கு அது இயல்பு. வெற்றுத் துகில் எரிக்கும் கதை ஒன்றே, ஏமாற்றப்பட்ட பிள்ளையுள்ளம் அன்பை நம்புமுன் எத்தனை சோதனை வைக்கும் என்பதைக் காட்டப் போதும். ஆயினும் மடியும் பாலும் கிடைத்தவுடன் கேட்போர் கண்ணீரோடு நிறைவடைந்து எழுந்துவிடுகின்றனர். கிருபர் கேட்ட கேள்வியும் வீமன் சிரித்த சிரிப்பும் அக்கண்ணீரில் மறைகின்றன. வியாசரின் முடிவு கேட்போரை அவ்வாறு விடுவிப்பதில்லை. உருக்கத்தில் வில்லியார் மேம்படினும், உண்மையின் கடுமையில் வியாசரே மேம்பட்டவர் எனல் பொருந்தும்.

குழந்தைப் பருவம் விதியன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவாயித் தீவுக்கூட்டத்துக் கவாய்த் தீவில் 1955 இற் பிறந்த குழந்தைகளை எம்மி வேணர் என்னும் அறிஞரும் பிறரும் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமையும் குடும்பக் குலைவும் சூழ வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் திறமையும் அன்பும் உடைய மாந்தராயினர். அவர்களிற் பலர்க்கு, பெற்றோராயினும் பிறராயினும், நிலையாக அன்பு செலுத்திய ஒருவரேனும் இருந்தனர். இராதை இருந்தமையாற் கர்ணன் முற்றும் கெடவில்லை. இராதையை இகழ்ந்த சமுதாயம் இருந்தமையால் அவன் முற்றும் தேறவுமில்லை.

இவ்வாராய்ச்சி பழங்கதையோடு முடிவதன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 இன் ஆழிப்பேரலையும் ஈழத்திற் பல பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தன. போர் தமிழ் மக்கள் உள்ளத்தில் விளைத்த வடுக்களை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பாட்டியாலும் சிற்றன்னையாலும் இல்லங்களாலும் வளர்க்கப்பட்ட அப்பிள்ளைகளுக்கு இராதையர் கிடைத்தனர். அவர்கள் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் திருமணப் பேச்சிலும் எதிர்ப்படுவது கிருபர் வினாவே: நீ யார் மகன்? என்ன குலம்? கேட்பவர்க்கு அது வழக்கமான விசாரணை. கேட்கப்படுபவர்க்கு அரங்கு முழுவதும் திரும்பி நோக்கும் கணம்.

கிருபர் கொடியவர் அல்லர்; விதிமுறை தவறாத ஆசாரியர். அவர் வினாவைக் கேட்டபின் அந்த இளைஞனின் முகத்தை நோக்கவில்லை. நோக்கியவன் துரியோதனன் ஒருவனே. அவன் தன் பயன் கருதி நோக்கினான். முகங் கவிழ்ந்த பிள்ளையை ஆசிரியர் நோக்காதவிடத்து, அவனைத் துரியோதனன் நோக்குவான் என்பதே வியாசர் கல்விக்கூடங்களுக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை.